67 ஆசியா (சிறுகோள்)

67 ஆசியா என்பது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைச் சிறுகோள் பட்டையின் உட்பகுதியில் சூரியனைச் சுற்றிவரும் ஒரு கல் வகைச் சிறுகோள் ஆகும். 1861 ஏப்ரல் 17 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மதராசு வானாய்வகத்திலிருந்து நார்மன் இராபர்ட் போக்சன் இதனைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் இதுவே.

கண்டுபிடிப்பு

போக்சன் 1861 தொடக்கத்தில்தான் அரசு வானியலாளராகச் சென்னைக்கு வந்தார். அதற்கு முன்பே ஆக்சுபோர்டில் மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்திருந்தார். விண்மீன்களின் ஒளியளவில் ஐந்து படிகள் நூறு மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும் என்று 1856இல் வரையறுத்தவரும் இவரே. இவ்வளவீடு இன்றும் வழக்கில் உள்ளது.

அக்காலத்தில் சிறுகோள் தேடலுக்கு ஒளிப்படம் பயன்படவில்லை. வானின் ஒரு பகுதியிலுள்ள மங்கிய விண்மீன்களை வரைபடத்துடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, படத்தில் இல்லாத புள்ளி தென்பட்டால் அது நகர்கிறதா என்று தொடர்ந்து கவனிக்க வேண்டும். தொலைநோக்கியின் ஆற்றலைவிட நோக்குபவரின் பொறுமையே இதில் பெரிதும் உதவியது எனலாம்.

கிரேக்கத் தொன்மத்தில் வரும் ஆசியா என்னும் தெய்வப்பெண்ணையும் கண்டத்தையும் ஒருங்கே குறிக்குமாறு போக்சன் இப்பெயரைத் தேர்ந்தார். கண்டத்தை மட்டுமே குறிப்பதாகக் கருதுவது முழுமையன்று. பின்னர் 80 சாபோ (1864), 87 சில்வியா (1866), 107 கமில்லா (1868), 245 வேரா (1885) ஆகியவற்றையும் அவர் சென்னையிலிருந்தே கண்டறிந்தார். இதே ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். பாடநூல்கள் இவரை இன்னும் சற்று விரிவாக நினைவுகூரலாம்.

சுற்றுப்பாதை

சூரியனிலிருந்து ஆசியாவின் சராசரித் தொலைவு 2.42 வானியல் அலகுகள், அதாவது ஏறத்தாழ 36.2 கோடி கி.மீ. பாதையின் மையப்பிறழ்வு சுமார் 0.185 என்பதால் இத்தொலைவு 1.97 முதல் 2.87 வானியல் அலகுகள் வரை மாறுகிறது. அண்மைநிலையிலும் இது செவ்வாயின் பாதைக்கு வெளியிலேயே உள்ளது. ஆகவே புவியுடன் மோதும் அச்சம் இல்லை. பாதைத் தளம் புவியின் பாதைத் தளத்துக்கு 6 பாகை சாய்ந்துள்ளது.

ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1375 நாட்கள் ஆகின்றன. செவ்வாயின் ஓராண்டு 687 நாட்கள். அதன் இரு மடங்கு 1374. ஆசியா ஒருமுறை சுற்றுவதற்குள் செவ்வாய் இருமுறை சுற்றிவிடுகிறது. இந்த 2:1 ஒத்திசைவினால் செவ்வாயின் ஈர்ப்பு ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் செயற்படுகிறது. இதன் பாதை ஒழுங்கற்றது எனவும், இன்றைய அளவீட்டிலுள்ள சிறு பிழை ஏறத்தாழ 35,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை 2.7 மடங்காகப் பெருகும் எனவும் கணிக்கப்பட்டுள்ளது. பாதை விரைவில் சிதைந்துவிடும் என்பது இதன் பொருளன்று. மிகத் தொலைவான எதிர்காலத்தில் சிறுகோள் எங்கிருக்கும் என்று துல்லியமாகக் கூற இயலாது என்பதே பொருள்.

இயல்புகள்

விட்டம் ஏறத்தாழ 58 கி.மீ. இது சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள சாலைத் தொலைவுக்கு ஒப்பானது. தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 15.85 மணிநேரம் ஆகிறது. மேற்பரப்பு தன்மீது படும் ஒளியில் கால் பங்கை எதிரொளிக்கிறது. கரிம வகைச் சிறுகோள்கள் பத்தில் ஒரு பங்கைக்கூட எதிரொளிப்பதில்லை.

நிறமாலையின்படி ஆசியா எசு வகையைச் சார்ந்தது. இவ்வகையில் ஒலிவின், பைராக்சீன் முதலிய சிலிக்கேட்டுக் கனிமங்களும் இரும்பு-நிக்கல் உலோகமும் காணப்படுகின்றன. ஆசியாவுக்கு விண்கலம் எதுவும் சென்றதில்லை. எனினும் இதே வகையைச் சார்ந்த இட்டோகாவா சிறுகோளின் துகள்களைச் சப்பானின் அயபுசா விண்கலம் 2010இல் புவிக்குக் கொணர்ந்தது. சாதாரணக் கொண்டிரைட்டு விண்கற்கள் இவ்வகைச் சிறுகோள்களிலிருந்து வருகின்றன என்பதை அத்துகள்கள் உறுதிப்படுத்தின.

நோக்குதல்

ஏறத்தாழ 16 மாதங்களுக்கு ஒருமுறை ஆசியா சூரியனுக்கு எதிர்ப்புறம் வருகிறது. அப்போது அதன் ஒளியளவு ஏறத்தாழ 10 முதல் 12 வரை இருக்கும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, இருண்ட வானில் சிறு தொலைநோக்கி கொண்டு, விண்மீன் வரைபடத்தின் துணையுடன் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து நோக்கினால் அதன் நகர்வை அறியலாம்.