அமைச்சுப் பதவியும் வர்க்க நலனும்: ஜீ. ஜீ. பொன்னம்பலம், 1948–1953

யாழ்ப்பாணத்து அரசியல் வரலாற்றில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் இரு வகையாகவே நினைவுகூரப்படுகின்றார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைத் தந்த அமைச்சர் என்பர் ஒரு சாரார். மலையகத் தமிழரைக் கைவிட்டவர் என்பர் மறு சாரார். இவ்விரு கூற்றுக்களும் தனிமனிதர் ஒருவரின் ஆற்றலையோ குற்றத்தையோ அளவிடுவன. அவ்விரண்டையும் ஒரே சமூக அடித்தளத்தில் வைத்து நோக்குவதே எமது முயற்சி.

1944இல் தோன்றிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ், சோல்பரி ஆணைக்குழுவின்முன் 'ஐம்பதுக்கு ஐம்பது' கோரிக்கையை வற்புறுத்தியது. சட்டசபையில் சிங்களவருக்குப் பாதி, ஏனைய சமூகங்கள் அனைத்துக்கும் பாதி என்பதே அதன் சாரம். அப்பாதியில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரும் அடங்கினர் என்பது கருதத்தக்கது. தொகை காட்ட வேண்டிய இடத்தில் அவர்கள் தேவைப்பட்டனர்.

1948 ஆகஸ்டில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியபோது தமிழ்க் காங்கிரஸ் அதனை எதிர்த்தது. அடுத்த மாதமே பொன்னம்பலம் டி. எஸ். சேனாநாயக்காவின் அமைச்சரவையிற் கைத்தொழில், மீன்பிடித்துறை அமைச்சரானார். தொடர்ந்து வந்த, 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்துக்கு அவர் ஆதரவளித்தார். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். இதனை ஏற்காது பிரிந்த சா. ஜே. வே. செல்வநாயகம் முதலியோர் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினர்.

இம்மாற்றத்தைப் பதவி ஆசை என்று மட்டும் விளக்கின் வரலாறு வெறும் ஒழுக்கக் கதையாகிவிடும். தமிழ்க் காங்கிரஸின் தலைமை ஆங்கிலங் கற்ற வழக்கறிஞர், உத்தியோகத்தர், நிலவுடைமையாளர் ஆகியோரிடமே இருந்தது. அரச அதிகாரத்திற் பங்கு பெறுவதே அவ்வர்க்கத்தின் நாட்டம். குடாநாட்டுச் சுண்ணக்கல்லைக் கொண்டு 1950இற் சீமெந்து உற்பத்தி தொடங்கியதால் வேலைவாய்ப்புக் கிட்டியது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அமைச்சரவையில் இருந்து அவர் பெற்றது ஒரு பிரதேசத்துக்கான பங்கு. அதன்பொருட்டு விட்டுக்கொடுக்கப்பட்டதோ வேறொரு பிரதேசத்து உழைப்பாளரின் உரிமை.

இதனை யாழ்ப்பாணத்து வாக்காளர் உடனே நிராகரித்தனர் என்றும் கூறுதற்கில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிற் பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் வென்றார். செல்வநாயகமோ காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். அதே தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஓர் ஆசனமேனும் பெறவில்லை. 1953இற் சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானதும் பொன்னம்பலத்தின் அமைச்சுப் பதவி முடிவுற்றது. பேரினப் பூர்ஷ்வாக்கள் அளித்த பங்கு, அவர்கள் விரும்பும்வரை மட்டுமே நிலைத்தது.

நாடற்றவராக்கப்பட்டோரின் பிரச்சினை 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் மேலும் அவலமுற்று, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை நீண்டது. சீமெந்துத் தொழிற்சாலையோ 1990இற் போரினால் மூடப்பட்டது. 'தமிழர்' என்று பேசும் எந்த இயக்கமும் அச்சொல்லுள் உழைக்கும் மக்களை எண்ணிக்கைக்காக அடக்குகின்றதா, உரிமைக்காக அடக்குகின்றதா என்ற வினாவை இவ்வைந்தாண்டுகள் எம்முன் வைத்துச் சென்றுள்ளன.