காவிரிப் படுகையில் பெரிய திரைத் தொலைக்காட்சி: பிளாஸ்மாவின் வரவும் மறைவும்

பிளாஸ்மா தொலைக்காட்சி என்பது, இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அடைக்கப்பட்ட வாயுவை மின்சாரத்தால் ஒளிரச் செய்து படம் காட்டும் தட்டைத் திரைப் பெட்டி ஆகும். 1990களின் இறுதியில் உலகச் சந்தைக்கு வந்த இது, 2014ஆம் ஆண்டோடு பெரிய நிறுவனங்களின் தயாரிப்பிலிருந்து மறைந்தது. தமிழ்நாட்டில் அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி ஏழை வீடுகளுக்குச் சென்ற அதே ஆண்டுகளில்தான், நகரக் கடைகளில் 42 அங்குல பிளாஸ்மாவும் விலைக்கு இருந்தது. ஒரு வீட்டுக்கு எந்தப் பெட்டி வர வேண்டும் என்பதைப் படத்தின் அழகு மட்டும் தீர்மானிக்கவில்லை. அலை, மின்சாரம், வீட்டின் அமைப்பு, வெளிநாட்டு வருமானம், யார் எங்கே உட்காரலாம் என்ற சமூக வழக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்து தீர்மானித்தன. நீடாமங்கலம் வட்டாரத்தை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

நீடாமங்கலம்

நீடாமங்கலம் திருவாரூர் மாவட்டத்தில், தஞ்சாவூர்–திருவாரூர் இருப்புப்பாதையில், மன்னார்குடிக்குக் கிளை பிரியும் சந்திப்பாக அமைந்த ஊர். அருகிலுள்ள மூணாறு தலைப்பில் வெண்ணாற்று நீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிந்து வயல்களுக்குச் செல்கிறது. தவில் கலைஞர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவ்வூரின் பெயரை இசையுலகில் நிலைநாட்டியவர். நெல்லும் இசையும் வளர்ந்த இப்பகுதிக்குத் தொலைக்காட்சி சற்றுத் தாமதமாகவே வந்தது.

அலையைத் தேடிய காலம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது. ஆனால் சென்னைக் கோபுரத்தின் அலை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த காவிரிப் படுகையை எட்டவில்லை. 1982இல் இலங்கையின் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, கடலோர மாவட்டங்களில் உயரமான கம்பம் நட்டு, ஆண்டெனாவைத் தெற்கே திருப்பி, பூஸ்டர் பொருத்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. காற்றும் மழையும் மாறினால் படமும் மாறும். 1980களில் கொடைக்கானல் மலை உச்சியில் அமைந்த ஒளிபரப்பு நிலையமே சென்னை நிகழ்ச்சிகளைத் தென்மாவட்டங்களுக்கும் படுகைப் பகுதிக்கும் கொண்டுவந்தது.

அக்காலத்தில் தேர்வு எளிது. சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் போன்ற கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே பெரிதும் கிடைத்தன. மரப்பெட்டியும், திரையை மூட இழுப்புக் கதவும் கொண்ட அப்பெட்டி கூடத்தில் பீரோவுக்கு இணையான மதிப்புடன் வைக்கப்பட்டது. வாங்குபவர் முதலில் கேட்ட கேள்வி "எத்தனை அங்குலம்?" என்பதன்று; "நம்ம ஊரில் படம் தெரியுமா?" என்பதே.

யார் வீட்டில் பார்ப்பது?

பெட்டி சிலரிடம் மட்டும் இருந்தபோது, பார்ப்பவர்கள் பலராக இருந்தனர். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்திலும், ஞாயிறு திரைப்பட நேரத்திலும் பெட்டி உள்ள வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். எல்லோரும் கூடத்துக்குள் வந்துவிட முடியாது. உறவினர் பாயில் அமர்வர். அக்கம்பக்கத்தார் திண்ணையில் இருப்பர். வயல் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் வாசலிலோ சன்னல் ஓரத்திலோ நின்று எட்டிப் பார்ப்பர். ஊராட்சித் தொலைக்காட்சி அறைகள் பின்னர் வந்தபோதும், அவை எந்தத் தெருவில் அமைந்தன என்பதைப் பொறுத்தே கூட்டமும் அமைந்தது.

யார் யாருடன் அமரலாம் என்பது இவ்வட்டாரத்தில் பழைய கேள்வி. 1937 டிசம்பர் இறுதியில் நீடாமங்கலத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டின் பொது விருந்தில் அமர்ந்து உண்டதற்காக, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தொழிலாளர்கள் அடித்து, மொட்டையடித்து அவமதிக்கப்பட்டனர். ‘விடுதலை’ இதழ் அதை வெளிக்கொணர்ந்தது. அந்தக் கொடுமையையும் சன்னல் வழியே தொலைக்காட்சி பார்த்ததையும் ஒன்றெனக் கூற முடியாது. எனினும் பந்தியில் இருந்த இடைவெளியின் மிச்சம் திரையின் முன்னும் இருந்தது என்பதை மறுக்க இயலாது. சொந்த வீட்டில், சொந்தப் பாயில் அமர்ந்து பார்ப்பது என்பது இந்த மண்ணில் வெறும் வசதி மட்டுமன்று.

14 அங்குலம்

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. கேபிள் கம்பி சிற்றூர்களுக்குள் நுழைந்ததும் ஆண்டெனாவின் தேவை குறைந்தது. தவணை முறையில் விற்கும் கடைகள் பெருகியதால் மாதச் சம்பளக்காரரும் வண்ணப்பெட்டி வாங்கினர். அறுவடைக்கு அறுவடை மட்டுமே கையில் பணம் பார்க்கும் கூலிக் குடும்பங்களுக்கு அத்தவணை பொருந்தவில்லை.

2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்குவதாக வாக்குறுதி அளித்தது. இதே திருவாரூர்ப் பகுதியில், திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி முதலமைச்சரானார். 2006 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. குடும்ப அட்டையின் அடிப்படையில் 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. 2011 வரை வழங்கப்பட்டவை சுமார் 1 கோடியே 60 லட்சம். பெண்களின் பொழுதுபோக்கும் பொது அறிவும் திட்டத்தின் நோக்கமாகக் கூறப்பட்டன.

இத்திட்டத்தின் மீது எழுந்த விமர்சனங்கள் பல. பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் செலவிட வேண்டிய பணம் என்றனர் சிலர். கேபிள் தொழிலுக்கே ஆதாயம் என்றனர் வேறு சிலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேர்தல் அறிக்கையில் இத்தகைய வாக்குறுதி அளிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பு வந்தது. வழிகாட்டு நெறிகள் வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் தொலைக்காட்சித் திட்டம் நின்றது. அதன் இடத்தில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. அவ்வாண்டே அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு அளிக்கத் தொடங்கியது.

விமர்சனங்களில் உண்மை உண்டு. ஆயினும் வாசலில் நின்று பார்த்த தலைமுறையின் பிள்ளைகள், தம் வீட்டுக்குள் அமர்ந்து பார்த்தது அந்த 14 அங்குலத்தில்தான் என்பதும் உண்மை.

பிளாஸ்மாவின் பிறப்பு

பிளாஸ்மா திரை வீட்டுக்காகப் பிறந்ததன்று, கல்விக்காகப் பிறந்தது. 1964இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் ஆகிய மூவரும் ‘பிளேட்டோ’ என்னும் கணினிவழிக் கல்வி முறைக்கு ஏற்ற திரையைத் தேடியபோது இதை உருவாக்கினர். தொடக்கத்தில் அது ஆரஞ்சு நிறம் மட்டுமே காட்டியது. வண்ணத் திரையாக வளர முப்பது ஆண்டுகள் ஆயின. 1990களில் ஜப்பானின் புஜிட்சு நிறுவனம் 42 அங்குல வண்ணத் திரையை உருவாக்கிய பின், 1997 முதல் பிளாஸ்மா தொலைக்காட்சிகள் கடைக்கு வந்தன. தொடக்க விலை அமெரிக்காவில் 15,000 டாலரை ஒட்டி இருந்தது.

இது வேலை செய்யும் விதம் ஏறத்தாழ குழல்விளக்கைப் போன்றது. இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே லட்சக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. அவற்றில் நியான், செனான் வாயுக்கள் அடைக்கப்பட்டுள்ளன. மின்னழுத்தம் தரும்போது வாயு மின்ம நிலையை அடைந்து புற ஊதாக் கதிரை வெளியிடும். அக்கதிர் அறைச்சுவரில் பூசிய சிவப்பு, பச்சை, நீலப் பொடிகளை ஒளிரச் செய்யும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு நிறம் ஆழமாகத் தெரியும். ஓடும் பந்து இழுவையின்றித் தெரியும். பக்கவாட்டில் அமர்ந்தவருக்கும் நிறம் மாறாது. எல்.சி.டி. திரையிலோ பின்னால் எப்போதும் எரியும் விளக்கை நீர்மப் படிகங்கள் மறைத்தும் திறந்தும் படம் காட்டுகின்றன. அதனால் அக்கால எல்.சி.டி.யில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது.

42 அங்குல அகலத்திரை ஏறத்தாழ 93 செ.மீ. அகலமும் 52 செ.மீ. உயரமும் உடையது. 14 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 28 செ.மீ.க்கு 21 செ.மீ. மாணவர்கள் பெருக்கிப் பார்த்தால், பரப்பில் முன்னது பின்னதைப் போல எட்டு மடங்கு என்பது விளங்கும்.

படுகை வீட்டில் பிளாஸ்மா

கூட்டமாக அமர்ந்து பார்க்கும் கூடத்துக்குப் பிளாஸ்மா பொருத்தமானதாகவே தோன்றும். ஆனால் படுகை வீட்டில் அதற்கு நான்கு இடையூறுகள் இருந்தன.

முதலாவது வெளிச்சம். பழைய ஓட்டு வீடுகளின் நடுவே முற்றம் உண்டு. பகல் முழுதும் அங்கிருந்து கூடத்துக்குள் ஒளி வரும். பிளாஸ்மாவின் கண்ணாடி முகப்பு அவ்வொளியைப் பிரதிபலிக்கும். பகல் நேரத் தொடரில் நடிகரின் முகத்தோடு முற்றத்துத் தூணும் தெரியும். இருட்டறையில் சிறந்த திரை, வெளிச்சக் கூடத்தில் மங்கியது.

இரண்டாவது மின்சாரம். அக்கால 42 அங்குல பிளாஸ்மா சுமார் 250 வாட் எடுத்தது. ஏறத்தாழ மூன்று மின்விசிறிகளுக்குச் சமம். நாள்தோறும் 5 மணி நேரம் ஓடினால் இரு மாதத்துக்கு 75 யூனிட் ஆகும். 60 வாட் எடுக்கும் 14 அங்குலப் பெட்டிக்கு அதே கணக்கில் 18 யூனிட் போதும். 2008 முதல் 2013 வரை தமிழ்நாடு கடும் மின்வெட்டைச் சந்தித்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் வைத்த வீட்டிலும் ‘காற்றா, படமா’ என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் தாழ்வதால் ஸ்டெபிலைசரும் தேவைப்பட்டது.

மூன்றாவது படத்தின் தரம். அன்றைய கேபிள் படம் சிறு பெட்டிக்கு அளவானது. அதைப் பெரிய திரையில் விரித்தபோது புள்ளிகள் கலைந்தன; நான்குக்கு மூன்று என்ற அளவில் வந்த படத்தை அகலத்திரைக்கு இழுத்ததால் முகங்கள் பருத்தன. இந்தியாவில் உயர்தரமான எச்.டி. ஒளிபரப்பு 2010 காமன்வெல்த் விளையாட்டுகளை ஒட்டியே பரவத் தொடங்கியது.

நான்காவது அசையாப் படத்தின் தழும்பு. திரை மூலையில் நிலையாக நிற்கும் அலைவரிசைச் சின்னமும், செய்திகளின் கீழே ஓடும் பட்டையும் நாள்தோறும் பல மணி நேரம் ஒரே இடத்தில் ஒளிர்ந்தால், அங்குள்ள பொடி விரைவில் தேய்ந்து நிழல்போல் தங்கிவிடும். ஒரே அலைவரிசையைக் காலை முதல் இரவு வரை வைத்திருக்கும் வீட்டுக்கு இது சிறிய குறையன்று.

விமான நிலையம் வழியே

இத்தனை இடையூறுகளுக்கு நடுவிலும் படுகைக்குப் பெரிய திரைகள் வந்தன. அதற்கு ஒரு வழி வெளிநாட்டு வேலை. நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள கூத்தாநல்லூர் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று அழைக்கப்படுவதே இதற்குச் சான்று. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் திருச்சி விமான நிலையம் வழியே தட்டைத் திரைப் பெட்டிகளைக் கொண்டுவந்தனர். அங்கு விலை குறைவு. பயணியின் தீர்வையில்லாச் சலுகை 35,000 ரூபாய் வரை இருந்தது. ரூபாயின் மதிப்பு சரிந்த 2013இல் மத்திய அரசு இவ்வழியை அடைத்தது. ஆகஸ்டு 26 முதல் எல்.சி.டி., எல்.இ.டி., பிளாஸ்மா பெட்டிகள் அச்சலுகையிலிருந்து நீக்கப்பட்டு, 36.05 விழுக்காடு தீர்வை விதிக்கப்பட்டது. ஊரில் விற்காத அளவுள்ள திரையைத் தோளில் சுமந்து வந்த பெருமையின் விலை அன்றோடு கூடியது.

மறைவு

பிளாஸ்மாவைத் தோற்கடித்தது அதைவிட அழகான படம் அன்று. மலிவான, எடை குறைந்த, மின்சாரம் குறைவாக எடுக்கும் படம். எல்.சி.டி. தொழிற்சாலைகள் கைப்பேசி முதல் கணினி வரை எல்லா அளவுத் திரைகளையும் செய்ததால் விலை வேகமாக இறங்கியது. பிளாஸ்மாவைச் சிறிய அளவில் செய்வது கடினம். பின்விளக்காக எல்.இ.டி. வந்ததும் மின்செலவின் வேறுபாடு மேலும் பெருகியது. படத்தரத்துக்குப் பெயர்பெற்ற பயனியர் 2009இல் தொலைக்காட்சித் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பானசோனிக் 2013 இறுதியோடு பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. 2014இல் சாம்சங்கும் எல்.ஜி.யும் நிறுத்தின. 2016 மே மாதம் தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் விலையின்றி வழங்கப்பட்டபோது, பழைய பிளாஸ்மா வைத்திருந்த வீட்டில் அதன் முக்கால் பங்கைத் திரை ஒன்றே தின்றது.

பிளாஸ்மாவின் கருத்து மட்டும் மறையவில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரை 2013 முதல் பெரிய அளவுகளில் விற்பனைக்கு வந்தது. அதன் ஆழ்ந்த கறுப்பு பிளாஸ்மாவை நினைவூட்டும். அசையாப் படத்தின் தழும்பு என்னும் குறையும் கூடவே வந்துள்ளது.

வரலாறு தரும் அளவுகோல்

கடையில் திரைகளை வரிசையாக வைத்து, மிகச் சிறந்த படத்தை மிகுந்த வெளிச்சத்தில் ஓட்டிக் காட்டுவர். வீட்டில் அந்தப் படமும் இல்லை, அந்த வெளிச்சமும் இல்லை. கூடத்தில் பகலொளி எவ்வளவு, பார்ப்பவர் எத்தனை அடி தள்ளி அமர்வர், வரும் இணைப்பின் தரம் என்ன, இரு மாத மின்கட்டணம் எவ்வளவு கூடும் என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு வாங்குபவர் ஏமாறுவதில்லை. திரையின் மூலைவிட்ட நீளத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தொலைவில் அமர்வது எச்.டி. படத்துக்கு ஏற்றது, 42 அங்குலத்துக்கு அது 7 அடி.

இலவசமாக வந்த 14 அங்குலப் பெட்டிகளில் பல இன்று பழைய இரும்புக் கடைகளைச் சேர்ந்துவிட்டன. அவற்றின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால், உடைத்து வாய்க்கால் ஓரம் எறிவது நீருக்கும் நிலத்துக்கும் கேடு. மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே முதல் நடைமுறையில் உள்ளன. மூன்று ஆறுகள் பிரிந்து வயலுக்குப் பாயும் நாட்டில், புதிய திரையை எங்கே மாட்டுவது என்பதோடு பழைய பெட்டியை எங்கே ஒப்படைப்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே.