பப்பாளிப் பாலும் குடற்புழுவும்: சுண்டெலிச் சோதனையின் தேவை

பச்சைப் பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பால் குடற்புழுவைப் போக்கும் என்பது வெப்பமண்டல நாடுகள் பலவற்றின் நாட்டு வைத்திய நம்பிக்கை. அதிலுள்ள பப்பாயின், கைமோபப்பாயின் முதலிய நொதிகள் புழுவின் மேலுறைப் புரதத்தை அரித்துவிடுகின்றன; இது ஆய்வகக் கண்ணாடித் தட்டிலேயே தெரியும். ஆயினும் தட்டில் புழு செத்ததை மட்டும் வைத்து மருந்தென்று அறிவிப்பது அவசரம். தட்டில் இரைப்பை அமிலம் இல்லை. நொதியும் ஒரு புரதமே என்பதால், குடலை எட்டுமுன் அது சிதையக்கூடும். இக்கேள்விக்கு விலங்கின் உடலே விடை தர முடியும். ஹெலிக்மோசோமாய்டிஸ் என்னும் உருளைப்புழு தொற்றிய சுண்டெலிகளுக்குப் பப்பாளிப் பால் கொடுத்த ஆய்வுகளில் புழுச்சுமை குறைந்தது. மருந்து பெறாத எலிகளோடு ஒப்பிட்டு, குடலைத் திறந்து புழுக்களை எண்ணியதே அதற்கு ஆதாரம். மலத்தில் முட்டை குறைந்தால் போதாதா எனலாம். போதாது, புழு சாகாமலே முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

சுண்டெலி மனிதரல்ல என்ற மறுப்பு நியாயமானது. உடல் அளவு, செரிமானம், புழு இனம் எல்லாம் வேறு. எலிக்கான அளவை மனிதருக்கு அப்படியே மாற்ற இயலாது. ஆனால் இச்சோதனை பயனற்றவற்றையும் நச்சுள்ளவற்றையும் முன்கூட்டியே கழிக்கிறது. பப்பாளி நொதியை ஆராய இன்னொரு காரணமும் உண்டு: அது செயல்படும் விதம் வேறு. வழக்கமான குடற்புழு மருந்தான அல்பெண்டசோல் புழுவின் செல்லுக்குள் டியூபுலின் புரதத்தைப் பற்றுகிறது. பப்பாளி நொதியோ வெளியுறையைத் தாக்குகிறது. கால்நடைப் புழுக்கள் பழைய மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவரும் நிலையில், இவ்வழியைத் தொடர்ந்து ஆராய்வது அவசியம்.