குற்றாலம் போய் வந்த பிறகு காய்ச்சலா? 'டெங்குதான்'னு முடிவு கட்டும் முன் இதைப் படிங்க!

ஜூன் பிறந்து தென்காசிப் பக்கம் சாரல் விழ ஆரம்பித்தால் போதும், வாட்ஸ்அப் குரூப்பில் 'குற்றாலம் எப்போ போறோம்?' என்று ஒருத்தர் கிளப்பிவிடுவார். வேன் பேசி, எண்ணெய் பாட்டில் வாங்கி, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று ஒரு ரவுண்டு அடித்து, பார்டர் புரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் ட்ரிப் முடிந்தது. ஆனால், வேனில் உங்களோடு யார் வருகிறார்கள்? சர்க்கரைநோய் உள்ள அப்பா, டயாலிசிஸ் செய்துகொள்ளும் சித்தப்பா, ஐந்து மாத கர்ப்பிணியான அக்கா என்று ஒருவராவது இருந்தால், ட்ரிப் முடிந்த அடுத்த மூன்று வாரங்களையும் கொஞ்சம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

'அருவியில குளிச்சா நோய் வருமா?' என்று பயப்பட வேண்டாம். பாறையில் கொட்டி ஓடும் தண்ணீரைவிட, அதைச் சுற்றியுள்ள புதர், சேறு, தேங்கிய தண்ணீர், கொசு ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. அவற்றால் வரும் காய்ச்சல்களில் இரண்டு ஒரே நேரத்தில் ஒரே ஆளைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரே உடம்பில் இரண்டு கிருமிகளா?

ஆமாம், வரலாம். மருத்துவர்கள் இதை 'இணைத் தொற்று' என்பார்கள். இது நமக்குப் புதிதும் இல்லை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது பரவலாகப் பேசப்பட்ட 'கறுப்புப் பூஞ்சை' நினைவிருக்கிறதா? கொரோனா வைரஸ், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, அதிகமாகக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு என மூன்றும் சேர்ந்து வாசலைத் திறந்துவிட, பூஞ்சை உள்ளே வந்தது. ஹெச்.ஐ.வி உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பதும் காசநோய்தான். சர்க்கரைநோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடுகிறது.

நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியை ஊர்க்காவல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமானவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் திருடன் வந்தாலும் சமாளிக்க ஆள் பலம் இருக்கும். சர்க்கரை, சிறுநீரகப் பாதிப்பு, முதுமை, சத்துக்குறைவு உள்ளவர்களுக்கு அந்த ஆள் பலம் ஏற்கெனவே குறைவு. அதனால்தான் அடுத்தவருக்கு ஒரு வாரக் காய்ச்சலாகப் போவது, இவர்களை ஐ.சி.யூ வரை கொண்டுபோகிறது.

தென்காசியில் என்ன விசேஷம்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். கோடையில் தென்மேற்குப் பருவமழையின் சாரல், அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் வாங்கும் ஊர். வயல், புதர், ஓடை எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கோடை சீசன் முடிந்தாலும் கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகிற ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குற்றாலத்துக்கு வரும்.

இந்த மண்ணுக்குக் காய்ச்சலின் கொடுமை நன்றாகவே தெரியும். 2012-ல் தென்காசிக்கு வடக்கே உள்ள கடையநல்லூர் வட்டாரத்தில் டெங்கு பரவி உயிர்களைப் பறித்தது. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அந்த ஒரு வருடத்தில் தமிழ்நாடு முழுக்க 12,826 பேருக்கு டெங்கு பதிவானது, 66 பேர் இறந்தார்கள். 'காய்ச்சல்னா டெங்குவா இருக்குமோ?' என்ற எச்சரிக்கை நம் மக்களிடம் ஊறிப்போனதில் இந்த அனுபவத்துக்கும் பங்கு உண்டு. அந்த எச்சரிக்கை நல்லதுதான். ஆனால், டெங்குவோடு மட்டும் நின்றுவிடக் கூடாது.

மூன்று காய்ச்சல்கள், மூன்று கணக்கு

*டெங்கு:* பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் வரும் வைரஸ் காய்ச்சல். கடித்த 4 முதல் 10 நாள்களில் ஆரம்பிக்கும். வைரஸைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்தைச் சரியாகப் பராமரிப்பதுதான் சிகிச்சை. காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை மறக்காதீர்கள்.

*ஸ்க்ரப் டைபஸ்:* நம்ம ஊரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள். நாய், மாடு மேல் பார்க்கும் பெரிய உண்ணி இல்லை இது. புதர்களிலும் புல்வெளியிலும் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னஞ்சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் பாக்டீரியா உள்ளே போகிறது. 6 முதல் 21 நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதுவும் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழ் என்று மறைவான இடங்களில் இருக்கும். எல்லோருக்கும் அது இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

*எலிக்காய்ச்சல்:* எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள புண், வெடிப்பு வழியாக உள்ளே போனால் வரும். பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களில் தொடங்கும். கண் சிவப்பது, கெண்டைக்கால் தசையில் கடும் வலி, சிலருக்கு மஞ்சள்காமாலை ஆகியவை இதன் அடையாளங்கள்.

'டெங்கு பாசிட்டிவ்'... கேஸ் முடிஞ்சுதா?

இங்கேதான் சிக்கல். மூன்றிலுமே காய்ச்சல், தலைவலி, உடம்புவலி உண்டு. மூன்றிலுமே ரத்தத் தட்டணுக்கள் குறையலாம். 'பிளேட்லெட் இறங்கிடுச்சு, அப்போ டெங்குதான்' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். டெங்கு என்று முடிவானதும் வீட்டில் எல்லோரும் நீராகாரம், நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு என்று கிளம்பிவிடுவார்கள். உள்ளே ஸ்க்ரப் டைபஸும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், இவை எதுவும் அதைத் தொடாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், டெங்குவுக்கு இல்லாத ஒன்று ஸ்க்ரப் டைபஸுக்கு இருக்கிறது. அதைக் குணப்படுத்தும் மருந்து! டாக்சிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை. சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாள்களிலேயே காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்றவை இந்தப் பாக்டீரியாவிடம் வேலை செய்யாது. 'ஆன்டிபயாடிக் போட்டும் காய்ச்சல் விடல' என்பதே மருத்துவருக்கு ஒரு முக்கியமான துப்பு.

நோய் முற்றியவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கும் நம் ஊரிலிருந்தே பதில் வந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில், தீவிர ஸ்க்ரப் டைபஸ் பாதித்த 794 பேரிடம் நடந்த ஆய்வு அது. டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் ஊசி வழியாகச் சேர்த்துக் கொடுத்தபோது, ஒரு மருந்தை மட்டும் கொடுத்ததைவிடச் சிக்கல்கள் குறைந்தன.

டெஸ்ட் எடுக்கும் நாளும் முக்கியம். டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாள்களுக்குள் எடுத்தால்தான் நம்பகமாக இருக்கும். ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல் இரண்டுக்கும் எடுக்கும் ஐஜிஎம் பரிசோதனை, முதல் சில நாள்களில் 'நெகட்டிவ்' என்று காட்டிவிடலாம். அதனால் ஒரு ரிசல்ட்டை வைத்து மற்றதை அழித்துவிட முடியாது. நோயாளி தேறவில்லை என்றால், 'வேற எதுவும் சேர்ந்திருக்குமா டாக்டர்?' என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

யாருக்குக் கூடுதல் கவனம்?

*சர்க்கரைநோய் உள்ளவர்கள்:* பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பாறையில் கிழித்ததுகூடத் தெரியாது. அந்தக் காயம் சேற்றில் படும்போது கிருமிக்குக் கதவு திறந்தாச்சு. காய்ச்சல் வந்தால் சர்க்கரை அளவும் தாறுமாறாக ஏறும்.

*சிறுநீரகம் மாற்றியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள்:* இவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக அடிக்காமலே நோய் முற்றலாம். சில ஆன்டிபயாடிக்குகள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கக் கொடுக்கும் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சொந்தமாக மாத்திரை வாங்கவே கூடாது.

*டயாலிசிஸ் செய்பவர்கள், இதயநோயாளிகள்:* டெங்குவுக்கு 'நிறைய தண்ணி குடிங்க' என்ற பொது அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

*கர்ப்பிணிகள்:* டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் இரண்டுமே தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஸ்க்ரப் டைபஸ் என்றால் பொதுவாக அசித்ரோமைசின் கொடுப்பார்கள்.

*முதியவர்கள்:* தாத்தா திடீரென்று குழப்பமாகப் பேசுகிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார் என்றால், தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் தொற்றைச் சந்தேகியுங்கள்.

போய்விட்டு வருகிறவர்கள் மட்டுமா?

நாம் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறோம். அங்கேயே இருப்பவர்களுக்கு இது அன்றாடம். செங்கோட்டைப் பக்கம் வயல் சேற்றில் இறங்குபவர், மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர், வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் என எல்லோருக்கும் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால், 'ஒரு ஊசி போட்டா சரியாயிடும்' என்று தள்ளிப்போடுகிறார்கள். சத்துக்குறைவும் ரத்தசோகையும் சேர்ந்துகொண்டால், அந்தத் தள்ளிப்போடும் நாள்கள்தான் உயிருக்கு விலையாகின்றன.

காசநோயில் இந்தப் பாடத்தைத் தமிழ்நாடு அரசு கையில் எடுத்திருக்கிறது. 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் உறுதியானவுடனேயே எடை மிகக் குறைந்தவர், மூச்சு வாங்குபவர், எழுந்து நிற்க முடியாதவர் ஆகியோரைப் பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. 'எந்த நோய்?' என்பதோடு 'யாருக்கு?' என்றும் கேட்கும் இந்த முறை மற்ற காய்ச்சல்களுக்கும் பொருந்தும்.

சேவ் பண்ணி வெச்சுக்கோங்க

*கிளம்பும் முன்:* சாப்பிடும் மாத்திரைகளின் லிஸ்ட்டையும் கடைசி ரிப்போர்ட்டையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் அருவிக் குளியலைத் தள்ளிப்போடுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

*அங்கே:* முழுக்கை, முழுக்கால் உடை, கொசு விரட்டும் கிரீம் அவசியம். புதரில் துணி காயப் போடுவது, புல்லில் படுப்பது, புதர் ஓரம் ஒதுங்குவது எல்லாம் வேண்டாம். பாறை வரை செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். அறைக்கு வந்ததும் சோப்பு போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியைத் துவைக்கப் போடுங்கள்.

*வந்த பிறகு:* மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், முதல் வார்த்தையாக 'குற்றாலம் போயிட்டு வந்தோம்' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். முதியவர்களுக்கு நீங்கள்தான் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கலந்த வலிமாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். இதயநோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

*உடனே ஓட வேண்டிய நேரம்:* கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைவது, மயக்கம், குழப்பமான பேச்சு. 108-ஐ அழையுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் 104-ல் ஆலோசனை கேட்கலாம்.

மேலே சொன்ன நிலையில் உள்ளவர்களுக்குக் காய்ச்சல் என்றால், 'மூணு நாள் பார்க்கலாம்' என்ற கணக்கு வேண்டாம். முதல் நாளே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.