அரசியற் கொலையும் சர்வதேச விசாரணையும்: ஹரீரி வழக்கை முன்வைத்து ஒரு நோக்கு

தன் எல்லைக்குள் நிகழ்ந்த கொலையைத் தானே விசாரித்துத் தண்டனை வழங்குதல் ஓர் அரசின் இறைமையின் முதன்மையான அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின், கொல்லப்பட்டவர் அரசியல் தலைவராகவும் ஐயத்துக்குரியோர் அவ்வரசின் பாதுகாப்புத் துறையினராகவும் இருக்குமிடத்து, விசாரிக்கும் உரிமை யாருக்குரியது என்ற வினா எழுகின்றது. இவ்வினாவின் வரலாறு நீண்டது. 1914 யூன் மாதத்தில் சரயேவோ நகரில் ஒஸ்ரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சதியின் வேர் சேர்பியாவில் உள்ளதெனக் கருதிய ஒஸ்ரிய-ஹங்கேரி அரசு யூலை 23ஆம் திகதி இறுதி எச்சரிக்கையொன்றை விடுத்தது. சேர்பிய மண்ணில் நடைபெறும் விசாரணையில் தன் அதிகாரிகளும் பங்குகொள்ள வேண்டுமென்பது அதன் ஆறாவது கோரிக்கை. ஏனையவை பலவற்றுக்கு இணங்கிப்போன சேர்பியா, இதனை மட்டும் தன் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தெளிவாக மறுத்தது. பிணக்கை ஹேக் நடுவர் மன்றத்திடமோ வல்லரசுகளிடமோ விட்டுவிட அது முன்வந்ததையும் வியன்னா பொருட்படுத்தவில்லை. பாதிக்கப்பட்ட தரப்பே புலனாய்வாளனாகவும் வர முனைந்த அக்கோரிக்கையில் நீதியை நாடும் நோக்கிலும் போரை நாடும் நோக்கே மிகுந்திருந்தது எனலாம்.

1934இல் யூகோசிலாவிய மன்னர் அலெக்சாந்தர் மார்செய் நகரில் கொல்லப்பட்ட பின்னர் சர்வதேச சங்கம் இவ்விடயத்தைக் கையிலெடுத்தது. 1937இல் ஜெனீவாவில் பயங்கரவாதம் பற்றியும், அதனை விசாரிப்பதற்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பற்றியும் இரு உடன்படிக்கைகள் வரையப்பட்டன. இரண்டும் நடைமுறைக்கு வரவில்லை. இலங்கையும் இத்திசையில் ஓரடி எடுத்துவைத்த நாடே. 1959இல் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க கொல்லப்பட்டமையின் அரசியற் பின்னணியை ஆராய 1963இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவில், நீதியரசர் ரி. எஸ். பெர்னாண்டோவுடன் ஐக்கிய அரபுக் குடியரசையும் கானாவையும் சேர்ந்த நீதிபதிகள் இருவர் அமர்ந்திருந்தனர். எனினும் அவர்களை அழைத்ததும் அவர்களுக்குரிய அதிகாரத்தை வரையறுத்ததும் இலங்கை அரசே. அழைக்கப்பட்ட அந்நியர் என்பதும் சுதந்திரமான சர்வதேச விசாரணை என்பதும் ஒன்றல்ல. பின்னையது எவ்வாறு பிறக்கின்றது, பிறந்தபின் எவற்றில் தங்கி வாழ்கின்றது என்பதை லெபனானின் முன்னாட் பிரதமர் ரபீக் ஹரீரியின் கொலை வழக்குப் போலத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை.

2005 பெப்ரவரி 14ஆம் திகதி நண்பகலுக்குச் சற்றுப் பின்னர், பெய்ரூத் கடற்கரை வீதியில் சென் ஜோர்ஜ் விடுதியருகே, சிறு பாரவூர்தியொன்றில் நிரப்பப்பட்டிருந்த ஏறத்தாழ 2,500 கிலோகிராம் வெடிமருந்து வெடித்தது. ஹரீரியும் வேறு 21 பேரும் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அப்போது லெபனானில் சிரியப் படைகள் நிலைகொண்டிருந்தன. முந்திய செப்ரெம்பரில் சனாதிபதி எமில் லகூத்தின் பதவிக்காலம் சிரியாவின் வற்புறுத்தலால் நீட்டப்பட்டதும், அந்நியப் படைகள் வெளியேற வேண்டுமெனப் பாதுகாப்புச் சபை 1559ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியதும், ஒக்ரோபரில் ஹரீரி பதவி துறந்ததும் இக்கொலையின் பின்புலமாகும்.

ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் கோபி அனான் உண்மை அறியுங் குழுவொன்றை அனுப்பினார். அயர்லாந்துப் பொலிஸ் உயரதிகாரி பீற்றர் பிற்ஸ்ஜெரால்ட் அதற்குத் தலைமை தாங்கினார். மார்ச் மாதத்தில் வெளியான அவரது அறிக்கை சுருக்கமானது, ஆனால் கடுமையானது. ஹரீரியின் வாகனத் தொடர் அன்றிரவே கொலைக்களத்திலிருந்து அகற்றப்பட்டிருந்தது. இறந்தோர் சிலரின் உடல்கள் பல நாட்கள் கழிந்த பின்னரே கண்டெடுக்கப்பட்டன. உண்மையைக் கண்டறியும் ஆற்றலோ உறுதியோ லெபனானிய விசாரணைக்கு இல்லை என அறிக்கை முடிவு கூறியது. சர்வதேச விசாரணைக்கான நியாயம் இவ்விடத்திலேயே நிலைநாட்டப்பட்டது. உள்நாட்டு நீதி தவறக்கூடும் என்ற பொது ஐயம் அதற்குக் காரணமன்று. தடயங்கள் உண்மையிலேயே அழிந்துகொண்டிருந்தன என்பதே காரணம். வீதிகளில் திரண்ட மக்களின் கோரிக்கையும் அதனோடு சேர்ந்துகொண்டது.

ஏப்ரில் 7ஆம் திகதி நிறைவேறிய 1595ஆம் இலக்கத் தீர்மானம் சுதந்திர சர்வதேச விசாரணை ஆணைக்குழுவை நிறுவியது. லெபனான் அரசு இதற்குச் சம்மதம் தெரிவித்திருந்தது. 'லெபனானிய அதிகாரிகளுக்கு உதவுதல்' என்பதே ஆணைக்குழுவின் பணியாக வரையறுக்கப்பட்டமை ஊன்றி நோக்கத்தக்கது. கைதுசெய்யும் அதிகாரமும் சிறையும் நீதிமன்றமும் அதற்கு இல்லை. அதன் முதற்றலைவராகிய ஜேர்மானிய வழக்குத்தொடுநர் டெற்லெவ் மெகிலிஸ் 2005 ஓகஸ்ட் இறுதியில் விதந்துரைக்க, லெபனான் பாதுகாப்புப் பிரிவுகளின் தலைமையில் இருந்த தளபதிகள் நால்வரை அந்நாட்டு அதிகாரிகள் சிறையிட்டனர். ஒக்ரோபரில் வெளியான அவரது அறிக்கையின் மின்பிரதியில், சிரிய சனாதிபதியின் நெருங்கிய உறவினர் உள்ளிட்டோரின் பெயர்கள் இறுதிநேரத்தில் நீக்கப்பட்ட தடம் அழியாதிருந்ததைப் பத்திரிகையாளர் கண்டுகொண்டனர். முக்கிய சாட்சியொருவர் தாம் கூறியவை பொய்யெனச் சிரியத் தொலைக்காட்சியில் தோன்றி மறுத்தார்.

தளபதிகள் நால்வரும் குற்றச்சாட்டு எதுவுமின்றி மூன்றாண்டு எட்டு மாதங்கள் சிறையிலிருந்தனர். அவர்கள் தடுத்துவைக்கப்பட்டமை எதேச்சையானதென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைச் செயற்குழுவொன்றே கருத்துரைத்தது. விதந்துரைத்தவர்கள் சிறைக்குப் பொறுப்பில்லை என்றனர். சிறைவைத்தவர்களோ விதந்துரையைக் காட்டினர். 2009 ஏப்ரிலில் விசேட நீதிமன்றத்தின் நீதிபதியே போதிய சான்றில்லையெனக் கூறி அவர்களை விடுவிக்க ஆணையிட்டார். ஓர் அரசின் விசாரணை இவ்வாறு நடந்திருப்பின் உலகம் அதனை எப்பெயரால் அழைத்திருக்குமோ அப்பெயரால் இதனையும் அழைத்தல் வேண்டும்.

பின்வந்த பெல்ஜிய வழக்குத்தொடுநர் சேர்ஜ் பிராமெற்ஸ் ஆரவாரமின்றித் தடயங்களில் கவனஞ் செலுத்தினார். ஆயினும் வழக்கின் முதுகெலும்பாக அமைந்த சான்றை முதலில் இனங்கண்டவர் வெளிநாட்டு நிபுணர் அல்லர். லெபனானின் உள்நாட்டுப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த விஸாம் ஈத் என்னும் கப்டன், தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து, ஹரீரியைப் பின்தொடர்ந்து ஒன்றோடொன்று மட்டுமே பேசிய கைத்தொலைபேசித் தொகுதியொன்று வெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் நிரந்தரமாக மௌனமானதைக் கண்டறிந்தார். அவரது அறிக்கை ஆணைக்குழுவினுள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்ததாகக் கனேடிய ஒலிபரப்பு நிறுவனம் 2010இல் வெளியிட்ட புலனாய்வு கூறியது. 2008 சனவரி 25ஆம் திகதி கார்க்குண்டினால் ஈத் கொல்லப்பட்டார். எந்த அரசின் விசாரணைத் திறனில் உலகம் நம்பிக்கை இழந்ததோ, அதே அரசின் ஊழியரொருவர் தந்த சான்றின்மேலேயே சர்வதேச வழக்குக் கட்டப்பட்டது.

லெபனானின் சம்மதமும் நிலைக்கவில்லை. நீதிமன்ற ஒப்பந்தத்தை ஏற்பதற்குப் பாராளுமன்றத்தைக் கூட்டச் சபாநாயகர் நபீஹ் பெர்ரி மறுத்தமையால், 2007 மே 30ஆம் திகதி பாதுகாப்புச் சபை தன் பட்டயத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் 1757ஆம் இலக்கத் தீர்மானத்தால் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. பத்து நாடுகள் ஆதரித்தன. ரசியா, சீனா, தென்னாபிரிக்கா, இந்தோனேசியா, கட்டார் ஆகிய ஐந்தும் வாக்களிக்கவில்லை. பாராளுமன்றத்தின் கதவு பூட்டியிருந்தது உண்மையே. எனினும் அப்பூட்டை வெளியிலிருந்து உடைத்தமை நீதிமன்றத்தை லெபனானியருட் பாதியினர்க்கு அந்நியமாக்கிற்று. 1977இல் கமால் ஜும்பிலாத், 1987இல் பிரதமர் ரசீத் கராமி, 1989இல் சனாதிபதி ரெனே முஅவ்வத் ஆகியோர் கொல்லப்பட்டபோது இத்தகைய விசாரணையைப் பாதுகாப்புச் சபை ஏன் நாடவில்லை என அவர்கள் கேட்டதற்கு நேரான விடை கிடைக்கவில்லை. 2005இல் பிரான்சும் ஐக்கிய அமெரிக்காவும் சிரியாவுக்கெதிராக ஒன்றுபட்டிருந்தமையே மெய்யான விடை.

ஹேக் அருகே 2009 மார்ச்சில் தொடங்கிய நீதிமன்றத்தின் செலவில் 49 சதவீதத்தை லெபனானே ஏற்றது. குற்றஞ்சாட்டப்பட்டோர் ஹிஸ்புல்லா இயக்கத்தைச் சார்ந்தோர். எவரும் ஒப்படைக்கப்படாமையால் அவர்கள் இல்லாமலே வழக்கு நடந்தது. 2020 ஓகஸ்ட் 18இல் வெளியான தீர்ப்பு சலீம் அய்யாஷைக் குற்றவாளியெனக் கண்டு, மற்றை மூவரையும் விடுவித்தது. ஹிஸ்புல்லாத் தலைமைக்கோ சிரியாவுக்கோ நேரடித் தொடர்பு காட்டும் சான்றில்லை என்றது. 2022இல் மேன்முறையீட்டில் மேலும் இருவர் குற்றவாளிகளாயினர். 2023இன் இறுதியில் நீதிமன்றம் மூடப்பட்டபோது, தண்டிக்கப்பட்ட மூவருள் ஒருவரேனும் கூண்டில் ஏறியிருக்கவில்லை. ஹரீரி வழக்குடன் தொடர்புடையனவெனக் கொள்ளப்பட்ட வேறு மூன்று தாக்குதல்கள் பற்றிய வழக்கும் 2021இல் நிதியின்மையாற் கைவிடப்பட்டிருந்தது. விஸாம் ஈத்தின் கொலை அம்மூன்றனுள்ளும் அடங்கவில்லை.