வாரிசுதாரர் மனுவில் ஒரு பாட்டனார்
(அச்சங்குளம் வட்டாரத்து முன்னோரைத் தேடும் வழி)

சாத்தூருக்கு அருகே உள்ள அச்சங்குளத்துக் குடும்பம் ஒன்று தன் பூட்டனாரைத் தேடப் புறப்பட்டால், எந்த ஊர் ரிக்கார்டு ரூமில் தேடுவது என்பதே முதல் சிக்கல். 1910-க்கு முன் சாத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஆண்டு மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். 1985-இல் அதிலிருந்து இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. ஊரைவிட்டு ஒருநாளும் நகராத குடும்பம்கூட மூன்று மாவட்டங்களின் காகிதங்களில் சிதறிக் கிடக்கிறது. விருதுநகர் என்ற பெயரும் 1923-இல் வந்ததுதான். அதற்கு முந்தைய கட்டுகளில் விருதுபட்டி என்றே தேட வேண்டும். போதாக்குறைக்கு இந்த வட்டாரத்தில் ஜமீன் ஊர்களும், சர்க்காருக்கு நேராக வரி கட்டிய அயன் ஊர்களும் கலந்திருந்தன. ஜமீன் ஊர்க் குடியானவரின் நிலம் சர்க்கார் பட்டாக் கணக்குக்குள் ஒழுங்காக வந்தது 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான்.

அடுத்தது பெயர். மாரியப்பன், கருப்பசாமி, இருளப்பன், சங்கரலிங்கம். இந்த நான்கும் இல்லாத தெரு இங்கே குறைவு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் கருப்பசாமி மகன் மாரியப்பன், மாரியப்பன் மகன் கருப்பசாமி என்று ஒரே இரண்டு பெயர்கள் நூறு வருஷம் மாறிமாறி வரும். தகப்பனார் பெயர் பொருந்திவிட்டது என்று துள்ளிக் குதிப்பவர் பெரும்பாலும் இரண்டு தலைமுறை தள்ளி வேறொருவரைப் பிடித்திருப்பார். ஜாதிப் பெயரும் நிலையானதல்ல. 1921 குடிக்கணக்கையொட்டித்தான் ‘நாடார்’ என்ற பெயரை அரசு ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே மனிதர் இருவேறு பெயரில் பதிவாகியிருக்கக்கூடும்.

இத்தனை குழப்பத்துக்கும் மாற்று கோர்ட்டுக் காகிதம்தான் என்பது என் துணிபு. அதிலும் தீர்ப்பைவிடத் தீர்ப்புக்கு முந்தைய சில்லறை மனுக்கள். காரணம் சொல்ல, நம் பக்கத்தின் மிகப் பெரிய வழக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

1897 மே 14 அன்று கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள், அங்கே நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி அவர்கள்மீது மதுரை சப்கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். சிகாகோவுக்குப் போகும்படி விவேகானந்தரைத் தூண்டி உதவிய அதே சேதுபதிதான். 1899-இல் தீர்ப்பு ராஜா பக்கம் வந்தது. மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்தில் இருந்தபோதே ராஜா சமாதானத்துக்கு உடன்பட்டுவிட்டார். வழக்கு அதோடு நிற்கவில்லை. 1901-இல் உயர்நீதிமன்றமும் 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கீழ்க்கோர்ட்டின் முடிவையே உறுதிசெய்தன. கோயில் கதவு திறக்க 1939 வரை, ஆலயப் பிரவேசச் சட்டம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டப் புத்தகங்களில் இந்த வழக்கின் பெயர் ‘சங்கரலிங்க நாடான் எதிர் ராஜா ராஜேசுவர துரை’. வழக்குப் போட்ட பாஸ்கர சேதுபதி இந்தத் தலைப்பில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் 1903-இல் காலமானார். அவர் இடத்துக்கு மகன் வந்தார். கட்சிக்காரர் இறந்தால் அவருடைய வாரிசுகளைக் கோர்ட்டுக்குச் சொல்லி வழக்கில் சேர்க்க வேண்டும் என்பது விதி. 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில் இதற்கென்றே ஓர் ஆணை உண்டு, இருபத்திரண்டாவது. ராஜாவின் வம்சம் எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கு அந்த மனு வெறும் சடங்கு. அரைக் குறுக்கம் கரிசலுக்காக முனிசீப் கோர்ட் ஏறி, வழக்கு முடியும் முன்னே கண்மூடிய சம்சாரிக்கு அதுவே வாழ்நாளில் கிடைத்த ஒரே குடும்பப் பட்டியல். மனைவி இன்னார், மூத்த மகன் இன்னார், கட்டிக்கொடுத்த மகள் இருக்கும் ஊர் இன்னது, மைனர் பிள்ளைக்குக் கார்டியன் தாய்மாமன். இப்படி அந்த மனுதான் சொல்லும். பாகப்பிரிவினை வழக்கு என்றால் பிராதோடு வம்சாவளியே வரைந்து கட்டியிருப்பார்கள். நாம் வருஷக்கணக்கில் தேடுவதை வக்கீல் குமாஸ்தா ஒரே தாளில் எழுதி முடித்திருப்பார்.

சாட்சி வாக்குமூலத்தின் தலைப்பும் இதே போல உதவும்: பெயர், தகப்பனார் பெயர், ஜாதி, வயது, தொழில், ஊர். பிரிவி கவுன்சில்வரை போன வழக்குகளின் சாட்சியங்களை அச்சிட்டே அனுப்பியதால் அவற்றின் பிரதிகள் லண்டன் நூலகங்களில் இன்றும் உள்ளன. ஆனால் வயதைச் சுமார் நாற்பது, சுமார் ஐம்பது என்று முழுசாக்கித்தான் சொல்லியிருப்பார்கள். சொன்ன பழங்கதையோ கட்சிக்காரருக்கு வேண்டியபடி வளைந்திருக்கும். தலைப்பை நம்பலாம், உள்ளே உள்ளதை எதிர்க்கட்சி சாட்சியோடு ஒட்டிப் பார்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிரிமினல் கட்டுகளைத் தொடும்போது மனம் கொஞ்சம் கெட்டிப்பட வேண்டும். 1899 ஜூன் 6 அன்று சிவகாசி நாடார்கள்மீது நடந்த தாக்குதலும் அதையொட்டி ஜில்லா முழுதும் நடந்தவையும் விசாரணைக்கு வந்தபோது, 102 வழக்குகளில் 1,958 பேர் எதிரிகளாக நிறுத்தப்பட்டார்கள். 552 பேர் தண்டனை பெற்றார்கள். 7 பேருக்கு மரண தண்டனை. 1917-இல் வெளியான பேட் துரையின் திருநெல்வேலி கெஜட்டியர் தரும் கணக்கு இது. வீடு எரிந்தவர் குடும்பத்தில் தாத்தா கதை தலைமுறை தாண்டி வரும். ஜெயிலுக்குப் போனவர் வீட்டில் ‘ஊரைவிட்டுப் போனவர் திரும்பவில்லை’ என்பதோடு பேச்சு நின்றுவிடலாம். அப்படிப் பாதியில் நிற்கும் கதைகளின் மீதி அந்த 1,958 பெயர்களுக்குள் இருக்கவும் கூடும்.

பத்திரிகைகளும் அந்நேரம் வளர்ந்துகொண்டிருந்தன. 1882-இல் வாரத்தாளாகத் தொடங்கிய சுதேசமித்திரன் நாளேடானது இதே 1899-இல்தான். மறைந்துபோன சிறு தமிழ்த் தாள்களின் சாரம், அரசாங்கம் ரகசியமாகத் தொகுத்த சுதேசப் பத்திரிகை அறிக்கைகளில் ஆங்கிலத்தில் தங்கியிருக்கிறது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். பழைய தமிழ் இதழ்களுக்கு ரோஜா முத்தையா நூலகம். தலைப்புச் செய்தியைவிட ஏல அறிவிப்பையும் கோர்ட் நோட்டீசையும் படிப்பவருக்கே நம் ஊர்ப் பெயர் கண்ணில் படும்.

இதிலெல்லாம் பெண்கள் அபூர்வம். விதவையாகவோ மைனரின் தாயாகவோ வந்தால் உண்டு. 1923 வாக்கில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றி, பின்னாலே பட்டாசும் வந்த பிறகு, கூலிப் பெண்களின் பெயர் அச்சில் ஏறும் சந்தர்ப்பம் ஒன்று கூடியது: வெடிவிபத்து. வயது, ஊர், அடைப்புக்குறிக்குள் கணவர் பெயர்.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கெடுத்தது. சங்கரலிங்கமும் ராஜாவும் நின்ற இடத்தில், இந்த வழக்குக்குத் தலைப்பாக நிற்பது ஒரு செய்தித்தாளின் பெயரும் தேதியும். இறந்தவர் ஒவ்வொருவரின் வாரிசுக்கும் 20 லட்சம் ரூபாய் என்று தீர்ப்பாயம் இழப்பீடு நிர்ணயித்தது. வாரிசுக்குப் பணம் என்றால் வாரிசு யார் என்று காட்ட வேண்டும். அதற்குத் தாலுகா ஆபீஸ் சான்று வேண்டும். அந்தச் சான்றில் குடும்பம் முழுதும் வரும். அதன் நகலை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைப்பது நல்லது. 1917-ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின்படி, தேவை முடிந்ததென்று கருதும் கட்டுகளைக் கோர்ட்டும் அரசு அலுவலகமும் கழித்துவிடலாம்.