தீ தொடாத பந்தி

1929 மே மாதம், ஆந்திரச் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி சமைத்த உணவை நிறுத்தினார். ராஜமுந்திரியில் இயற்கை மருத்துவ நிலையம் நடத்திவந்த சுந்தரம் கோபாலராவ்தான் அதற்குத் தூண்டுகோல். இடுப்புக் குளியல் முதலானவை நல்லவையே ஆனாலும் அவையும் செயற்கைதான், நோய் போக வேண்டுமானால் உணவிலிருந்து தீயையே விலக்க வேண்டும் என்பது கோபாலராவின் வாதம். ஜூன் 13ஆம் தேதி ‘யங் இந்தியா’ இதழில் காந்தி தம் அன்றாட உணவை அளவோடு அச்சிட்டார். முளைகட்டிய கோதுமை 8 தோலா, விழுதாக அரைத்த பாதாம் 8 தோலா, இடித்த பச்சைக் கீரை 8 தோலா, எலுமிச்சம்பழம் 6, தேன் 2 அவுன்ஸ். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோதுமைக்குப் பதில் முளைகட்டிய கடலை. அன்றைக்குப் பாதாமுக்குப் பதில் தேங்காய்ப்பால். பகல் 11 மணிக்கு ஒரு வேளை, மாலை 6:15க்கு ஒரு வேளை. குடிக்கும் வெந்நீரைத் தவிர வேறெதிலும் தீ படவில்லை. சபர்மதி ஆசிரமவாசிகள் பலரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஆகஸ்டில் சீதபேதி கண்டு, பழைய உணவுக்கும் ஆட்டுப்பாலுக்கும் அவர் திரும்பினார். காந்தியைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் இதை அவருடைய பல பிடிவாதங்களில் ஒன்றாக எண்ணி ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரி போதாது என்பதே என் எண்ணம். சமைக்காத உணவு மனிதருக்கு எந்த அளவுவரை பயன்படும், எங்கே கைவிடும் என்ற எல்லை கொஞ்சமாவது நமக்குத் தெரிகிறது என்றால், அதை உண்டவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் பிறரோடு பகிர்ந்துகொண்டதுதான் காரணம். மறைத்துவைத்த இடங்களில் அது வெறும் நம்பிக்கையாகவே நின்றுபோனது.

காந்திக்கு இது முதல் முயற்சி அல்ல. லண்டனில் படித்த காலத்தில் அவர் சேர்ந்த சைவ உணவுச் சங்கத்தின் தலைவர் ஆர்னால்ட் ஹில்ஸ், தேம்ஸ் இரும்பாலையின் உரிமையாளர். தீயில் வெந்த உணவு தன் உயிர்ச்சத்தை இழந்துவிடுகிறது, பச்சைத் தானியமும் கொட்டையும் கனியுமே உயிருள்ள உணவு என்று அவர் எழுதிவந்தார். 1893இல் பிரிட்டோரியாவில் வழக்கறிஞராக இருந்த இளம் காந்தி அதைத் தம் உடம்பில் பரீட்சித்துப் பார்த்தார். ஊறவைத்த கோதுமை, பட்டாணி, அரிசி, உலர்ந்த திராட்சை, கொட்டை என்று என்ன தின்றார், பல் எப்படி நொந்தது, பசி எப்படி இருந்தது என்று நாள்வாரியாகக் குறித்துவைத்தார். சோதனை இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் குறிப்பை அவர் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை; 1894 மார்ச்சில் சங்கத்தின் ‘தி வெஜிடேரியன்’ இதழிலேயே வெளியிட்டார். தலைவர் தூக்கிப்பிடித்த கொள்கை தமக்கு ஒத்துவரவில்லை என்பதைத் தலைவரின் சங்கத்து ஏட்டிலேயே எழுதிய அந்த இளைஞரின் நேர்மை, 36 ஆண்டு கழித்து நடந்த பெரிய சோதனையைப் புரிந்துகொள்ளத் தேவையானது.

அதே காலத்தில் சூரிச் நகரில் மாக்ஸிமிலியன் பிர்ஷர்-பென்னர் என்ற மருத்துவர் பச்சை உணவைச் சிகிச்சையாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். சமைக்காத காய்கனிகளுக்குத் தனி ஆற்றல் உண்டு என்று 1900இல் நகர மருத்துவர் சங்கத்தின் முன் அவர் பேசியபோது, அறிவியலின் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று சக மருத்துவர்கள் கண்டித்தார்கள். வைட்டமின் என்ற கருத்துக்குக் காசிமிர் ஃபங்க் பெயர் சூட்டியது 1912இல்தான். ஆகவே கண்டித்தவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை, பிர்ஷர்-பென்னர் சொன்ன விளக்கமும் இன்று நிற்காது. நின்றது அவருடைய பந்தி. 1904இல் மலைச்சரிவில் அவர் திறந்த ஆரோக்கிய இல்லத்தில் நோயாளிகள் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து ஒரே உணவை உண்டார்கள். தோலோடு துருவிய ஆப்பிள், ஊறவைத்த ஓட்ஸ் ஒரு கரண்டி, எலுமிச்சைச் சாறு, கொட்டைத் தூள், கொஞ்சம் டப்பாப்பால். பச்சைப்பாலில் காசநோய்க் கிருமி இருக்கலாம் என்ற அச்சம் நிலவிய காலத்தில், பச்சை உணவின் பெரிய ஆதரவாளரே காய்ச்சி டப்பாவில் அடைத்த பாலைத் தேர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அந்தக் கிண்ணம் இன்று மியூஸ்லி என்ற பெயரில் உலகமெங்கும் காலையுணவாகியிருக்கிறது. அவர் வகுத்த முழு உணவுமுறையோ அவருடைய இல்லத்துக்கு வெளியே அதிகம் பரவவில்லை.

முதல் உலகப்போர் இந்த உணவின் பயனுக்கும் எல்லைக்கும் இன்னும் வலுவான சான்று தருகிறது. என் பார்வையில் பச்சை உணவின் வரலாற்றிலேயே மிக முக்கியமான அத்தியாயமும் அதுதான். 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் இறுதிவரை டைக்ரிஸ் நதிக்கரையிலுள்ள கூட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படை முற்றுகையில் சிக்கிக் கிடந்தது. ஒரே முற்றுகைதான், ஆனால் நோய் இரண்டு. வெள்ளை ரொட்டி தின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு பெரிபெரி வந்தது. ஆட்டா மாவும் பருப்பும் உண்ட இந்தியச் சிப்பாய்கள் அதிலிருந்து தப்பினார்கள். ஆனால் குதிரை இறைச்சியை அவர்களில் பெரும்பாலோர் தொட மறுத்ததாலும், பச்சைக் காய்கறி கிடைக்காததாலும் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வியில் விழுந்தார்கள். லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஹாரியட் சிக்கும் மார்கரெட் ஹியூமும் பச்சைக் காய்கறிக்கு மாற்றுத் தேடினார்கள். உலர்ந்த பயறில் ஸ்கர்வியைத் தடுக்கும் சத்து ஏறக்குறைய இல்லை, அதே பயறை ஊறவைத்து முளைக்கவிட்டால் அது உண்டாகிவிடுகிறது என்று 1917இல் அவர்கள் காட்டினார்கள். மூட்டையில் எத்தனை தூரம் சுமந்தாலும் கெடாத பயறு, ஒரு பாத்திரத் தண்ணீரும் ஓர் ஈரத்துணியும் இருந்தால் இரண்டு நாளில் பச்சைக் காய்கறியின் வேலையைச் செய்யும். முளையை நெடுநேரம் வேகவைத்தால் அந்தச் சத்தின் பெரும்பகுதி அழிந்துவிடும். ஹில்ஸ் உயிர்ச்சத்து என்று பொதுப்படச் சொன்னதில் எது மெய், எது மிகை என்று இந்தச் சோதனை பிரித்துக் காட்டியது. தீ எல்லாவற்றையும் கெடுப்பதில்லை; குறிப்பிட்ட சிலவற்றைக் கெடுக்கிறது. அந்தச் சிலவற்றை ஈடுகட்ட ஒரு கைப்பிடி பச்சை போதும். நம் நீலகிரியில், குன்னூர் ஆய்வகத்தில் 1920களில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவைக் கொடுத்துப் பார்த்ததும் இதே திசையைத்தான் காட்டியது. நன்றாக வளர்ந்தவை முழுக்கோதுமைச் சப்பாத்தி, பருப்பு, பால், வெண்ணெயோடு பச்சைக் காய்கறியும் பெற்ற எலிகள். தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து உணவு கடைசி வரிசைக்குப் போனது.

இந்தப் பின்னணியோடு 1929ஆம் ஆண்டுப் பட்டியலுக்குத் திரும்பிப் பார்க்கலாம். ஒரு தோலா ஏறக்குறைய 11.66 கிராம், ஆக 8 தோலா என்பது 93 கிராம். இன்றைய உணவு அட்டவணைகளை வைத்துக் கூட்டினால் காந்தியின் ஒரு நாள் உணவு ஆயிரம், மிஞ்சினால் ஆயிரத்து நூறு கலோரி தேறும். அதில் ஏறக்குறைய பாதி பாதாமிலிருந்து மட்டும் வருகிறது. அறுபதை நெருங்கிய வயதில், நாளெல்லாம் நடந்தும் நூற்றும் எழுதியும் உழைத்த உடம்புக்கு அது போதாது. எடை குறைந்ததை அவரே எழுதினார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், உண்மைக் காரணம் பால் என்று தோன்றுகிறது. 1912இல் பாலை விரதமாக விட்டவர், கடும் நோய்க்குப் பின் 1919 வாக்கில் மருத்துவர் வற்புறுத்தலால் ஆட்டுப்பாலுக்கு இணங்கினார்; அது விரதத்தின் சொல்லைக் காப்பாற்றிப் பொருளைக் கைவிட்டதாகவே அவர் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. முளைத் தானியமும் பாதாம் விழுதும் பாலின் இடத்தை நிரப்பினால் அந்த உறுத்தல் தீரும். இப்படிச் சொந்தத் தேவை ஒன்று உள்ளே இருந்தும், அவர் முடிவை வளைக்கவில்லை. மருத்துவர்களின் கருத்தைக் கேட்டார். உடன் உண்டவர்களின் நிலையையும் கவனித்தார். உடம்பு இடறியபோது அதே ஏட்டில், அதே வாசகர்களுக்கு அதைச் சொன்னார். நாடெங்கும் அவர் சொல்லைக் கேட்டு நடக்க ஆயிரக்கணக்கானோர் காத்திருந்த காலம் அது. அவர் மௌனமாக இருந்திருந்தால் எத்தனை பேர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மெலிந்திருப்பார்கள் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இயற்கை உணவில் ஊறியவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். மூன்று மாதம் போதாது, உடம்பு பழக நாள் பிடிக்கும். சீதபேதி உணவால் வந்ததல்ல, மழைக்காலக் கிருமியால் வந்தது. பட்டியலிலேயே பிழை இருந்தது என்பார்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் பச்சைக் கீரையை இடித்துத் தின்பவருக்குக் கிருமி வரும் வழி சமைத்து உண்பவரைவிட அகலம் என்பதும் அந்த உணவைப் பற்றிய உண்மைதானே. தீ சத்தை மட்டுமா அழிக்கிறது? நாள் போதாது என்பதற்கு, பல ஆண்டுகள் பச்சை உணவிலேயே வாழ்ந்தவர்களிடம் ஜெர்மனியின் கீஸன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது பதிலாகும். 513 பேரைக் கேட்டு 1999இல் வெளியான ஆய்வில், உணவில் பச்சையின் பங்கு கூடக்கூட உடல் எடை குறைந்தது. 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஓரளவோ முழுவதுமோ நின்றிருந்தது. 2005இல் வந்த இன்னோர் ஆய்வில், 201 பேரில் 38 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 குறைபாடு. கெட்ட கொழுப்பு அவர்களுக்குக் குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு மறைக்காமல் சொல்கிறது. தமிழ்நாட்டில் இன்று பல ஊர்களில் நடக்கும் இயற்கை உணவு முகாம்களில் நல்லெண்ணத்தோடு தேங்காயும் பழமும் முளைப்பயறும் பரிமாறுகிறார்கள். அந்த நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சர்க்கரை நோய் மருந்தை நிறுத்தச் சொல்லும் குரலும், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணை இதிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கச் சொல்லும் குரலும் அங்கே எழுமானால், குணமானவர்களை மட்டும் மேடையேற்றி மெலிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவது பகிர்தல் ஆகாது.

எதிர்ப்பக்கத்து மறுப்பும் வலுவானதே. மனித இனமே சமையலால் உருவானது என்று ரிச்சர்ட் ராங்கம் 2009இல் ஒரு நூல் முழுக்க வாதிட்டார்: வெந்த மாவுச்சத்து எளிதில் செரித்ததால் குடல் சுருங்கியது, மூளை பெருகியது, மெல்லுவதில் கழியும் நேரம் மிஞ்சியது. காலக்கணக்கில் தொல்லியலாளர்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டென்றாலும், செரிமானம் பற்றிய பகுதி நம் சமையலறையிலேயே விளங்கும். சேனையையும் கருணையையும் பச்சையாகக் கடித்தால் நாக்கு அரித்துவிடும், மரவள்ளியில் சயனைடு, ராஜ்மாவைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் பேதியும். ஏழையின் வயிற்றை நிரப்பும் கிழங்கும் தானியமும் பெரும்பாலும் தீயைக் கேட்பவை. பாதாமும் தேனும் தினம் வாங்க முடிந்தவருக்கே முழுப் பச்சை உணவு கைகூடும் என்ற குறை இதனால்தான் எழுகிறது. ஆனால் பச்சை உணவு பணக்காரர் பொழுதுபோக்கு என்று முடித்துவிடவும் முடியாது. டைக்ரிஸ் கரைச் சிப்பாய்க்குத் தேவைப்பட்டது பாதாம் அல்ல, முளைத்த பயறு. விலை மலிந்ததும் அதுதான்.

காந்தி முன்வைத்த இன்னொரு நியாயம் பெண்களைப் பற்றியது. அடுப்படி உழைப்பிலிருந்து பெண்களை விடுவிக்கும் என்பதை அவர் பச்சை உணவின் பெரிய நன்மையாகக் கருதினார். புகை மண்டிய விறகடுப்பின் முன் பாதி வாழ்நாளைக் கழித்த பெண்களை நினைத்து 1929இல் ஒரு தலைவர் இப்படி எழுதியது சிறிய செய்தி அல்ல. ஆயினும் பட்டியலை மறுபடி படித்தால் அரைத்த பாதாம், இடித்த கீரை, பிழிந்த தேங்காய்ப்பால், நாள்தோறும் அலசி ஈரம் காத்து முளைக்கவிட்ட தானியம் என்று இருக்கிறது. அடுப்பு அணைந்தது; அம்மியும் உரலும் ஓயவில்லை. அவற்றின் முன் யார் உட்கார்வது என்ற கேள்வியை உணவு மாற்றம் மட்டும் தீர்த்துவிடாது.

தமிழர் வழக்கத்தில் பச்சை உணவு இருந்த இடம் இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. ராமநவமியன்று ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரியும் தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் கலந்த கோசுமல்லி, பானகம், நீர்மோர். ஆடியில் மாரியம்மனுக்குப் படைத்த பின் தெருவுக்கெல்லாம் கொடுக்கும் துள்ளுமாவு, ஊறிய பச்சரிசியை இடித்து வெல்லம் கலந்தது. இவற்றை யாரும் வைட்டமின் அறிந்து செய்யவில்லை. முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்று பெருமை பேச இது இடமும் அல்ல, அதே முன்னோரின் பேரர்களுடைய உணவுதான் தீட்டிய அரிசியால் குன்னூர் ஆய்வில் கடைசிக்கு வந்தது. ஆனால் ஒரு தொன்னை அளவு, விழா நாளில், வந்தவர் போனவர் எல்லோருக்கும் என்று அந்த வழக்கம் அமைந்திருப்பதைப் பாருங்கள். சூரிச்சில் நிலைத்த கிண்ணமும், போர்க்காலத்துப் பயறும், ராமநவமித் தொன்னையும் ஒன்றுபோலவே பந்தியில் ஒரு பங்காக இருந்து பிழைத்தவை.

1942இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் உடல்நலம் பற்றிய தம் சிறு நூலைக் காந்தி எழுதினார். பச்சையாக உண்ணத்தக்க கீரையையும் காயையும் நன்கு கழுவி நாள்தோறும் கொஞ்சம் உண்ண வேண்டும் என்று அதில் சொல்கிறார். முழு உணவும் தீயின்றி இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பாலுக்கு நிகரான தாவர உணவு தமக்குக் கிட்டவில்லை என்பதையும் அங்கே மறுபடி ஒப்புக்கொண்டு, அந்தத் தேடலைத் தமக்குப் பின் வருபவர்களிடம் விடுகிறார்.